உள்ளம் நோற்ற நோன்பு

நுழையும்முன்

பசியைப் பொறுத்தல் அரிது. புறங்கூறாது நாவடக்கிப் பொறுத்தல் அதனினும் அரிது. பிறர் தம்மைப் புகழவேண்டும் என்னும் வேட்கையை அடக்குதல் யாவற்றினும் அரிது. இஸ்லாமியர் ஆண்டுதோறும் ஒரு திங்கள் நோற்கும் நோன்பு இம்மூன்று பயிற்சிகளையும் தன்னுள் அடக்கியது என்று விளக்கியவர் இமாம் கஸ்ஸாலி. பதினொன்றாம் நூற்றாண்டில் பாரசீக நாட்டில் தோன்றி, புகழின் உச்சியை எட்டி, அதனைத் தாமே துறந்து சென்ற அப்பேரறிஞரின் வாழ்வையும் நோன்பைப் பற்றிய அவர்தம் சிந்தனையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நோன்புத் திங்கள்

தமிழில் நோன்பு என்னும் சொல் பொறுத்தல், தாங்குதல் என்னும் பொருளுடைய நோற்றல் என்பதனோடு தொடர்புடையது. அரபு மொழியில் நோன்பைக் குறிக்கும் சவ்ம் என்னும் சொல், விலகியிருத்தலையும் தன்னைத் தடுத்துக்கொள்ளுதலையும் உணர்த்துகிறது. ஒன்று தாங்கும் ஆற்றலைச் சுட்ட, மற்றொன்று தவிர்க்கும் உறுதியைச் சுட்டுகிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே ரமலான் நோன்பு.

இஸ்லாமிய ஆண்டின் ஒன்பதாம் திங்கள் ரமலான். திருக்குர்ஆன் அருளப்பெற்ற திங்கள் என்று முஸ்லிம்கள் இதனைப் போற்றுவர். நபிகள் நாயகம் மக்கா நகரிலிருந்து மதீனா நகருக்குக் குடிபெயர்ந்த இரண்டாம் ஆண்டில் இத்திங்கள் முழுவதும் நோன்பு நோற்றல் கடமையாயிற்று. வைகறை தொடங்கிக் கதிரவன் மறையும்வரை உணவும் நீரும் தவிர்க்கப்படும். விடியலுக்கு முன் உண்ணும் உணவு சஹர் எனவும், மாலையில் நோன்பு துறத்தல் இஃப்தார் எனவும் வழங்கும். நோயுற்றோர், வழிச்செல்வோர் முதலியோர் பின்னர் நோற்றுக்கொள்ள இசைவுண்டு. இரவுகளில் சிறப்புத் தொழுகையும் மறை ஓதுதலும் நிகழும். இறுதிப் பத்து இரவுகளுள் ஒன்றில் மாட்சிமை மிக்க இரவு அமைந்துள்ளது என்னும் நம்பிக்கையால் அந்நாள்களில் வழிபாடு மிகும். திங்கள் நிறைவுற்றுப் பிறை தோன்றியதும், பெருநாள் தொழுகைக்கு முன்னரே ஏழைகளுக்கு உணவுப்பொருளை அறமாக ஈதல் கடமையாகும்.

இவையனைத்தும் புறத்தே காணத்தக்க ஒழுங்குகள். இவ்வொழுங்குகளின் உள்ளே உறையும் பொருள் யாது? உடலால் ஆகாரம் துறந்த ஒருவர், உள்ளத்தால் யாதும் துறவாதிருந்தால் அந்நோன்பு நோன்பாகுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடியோருள் தலைசிறந்தவர் அபூ ஹாமித் முகம்மது அல் கஸ்ஸாலி. அவர் விடையைக் கற்றுச் சொன்னதோடு அமையாமல் வாழ்ந்தும் காட்டினார். ஆதலின் அவர்தம் வாழ்வை அறிந்தபின் அவ்விடையைக் காண்பதே முறையாகும்.

தூஸ் நகரத்துச் சிறுவன்

இன்றைய ஈரான் நாட்டின் வடகிழக்கில், மஷ்ஹது நகருக்கு அண்மையில், தூஸ் என்னும் தொன்மையான ஊர் உள்ளது. குராசான் எனப்பட்ட அப்பகுதியில் 1058ஆம் ஆண்டு கஸ்ஸாலி பிறந்தார். அவருடைய தந்தை கம்பளி நூற்று விற்று வாழ்ந்த எளியவர் என்பது மரபுவழிச் செய்தி. எழுத்தறிவு பெறாத அவர், அறிஞர்களின் அவைகளைத் தேடிச் சென்று, அவர்கள் உரைகேட்டு உள்ளம் உருகுவார். தமக்கு வாய்க்காத கல்வி தம் மைந்தர் இருவருக்கும் வாய்க்க வேண்டும் என்பதே அவர்தம் வேட்கையாக இருந்தது.

அவ்வேட்கை நிறைவேறுமுன் அவர் உலக வாழ்வை நீத்தார். இறக்குந் தறுவாயில், தாம் சேமித்த சிறு தொகையைச் சூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்து, அத்தொகை முழுவதையும் முகம்மது, அகமது என்னும் தம் மக்களின் கல்விக்கே செலவிடுமாறு வேண்டிக்கொண்டார். நண்பரும் அவ்வாறே செய்தார். ஒருநாள் அத்தொகை தீர்ந்தது. நண்பரோ வறியவர். ஆகவே உணவும் உறைவிடமும் தரும் மதரசா ஒன்றில் சேர்ந்து கொள்ளுமாறு அவர் சிறுவர்களுக்கு அறிவுறுத்தினார். அவர்களும் அவ்வாறே சேர்ந்தனர்.

அன்று தாங்கள் கல்வியை நாடியது இறைவனுக்காக அன்று, உணவுக்காகவே என்பதைக் கஸ்ஸாலி பிற்காலத்தில் மறைக்காமல் நினைவுகூர்ந்தார் என்பர். பசியின் வலிமையை நூல்வழி அறிவதற்கு முன்பே வாழ்வின்வழி அறிந்தவர் அவர். எந்தக் கல்வியையும் எந்நோக்கத்திற்காகக் கற்கிறோம் என்னும் வினா அன்றே அவருடன் பிறந்து, வாழ்நாள் முழுதும் தொடர்ந்து வந்தது.

கள்வர் கற்பித்த பாடம்

தூஸ் நகரில் தொடக்கக் கல்வி பெற்ற கஸ்ஸாலி, மேற்கல்விக்காக ஜுர்ஜான் என்னும் ஊருக்குச் சென்றார். ஆசிரியர் உரைத்தவற்றையெல்லாம் ஏடுகளில் எழுதிக்கொண்டு ஊர் திரும்புகையில், வழிப்பறிக் கள்வர் அவர் உடைமைகளைக் கவர்ந்தனர் என்று வரலாறு கூறுகிறது. பொருள் போனதற்கு வருந்தாத அவ்விளைஞர், ஏடுகளை மட்டும் திருப்பித் தருமாறு கள்வர் தலைவனைப் பின்தொடர்ந்து சென்று மன்றாடினார். ஏடு களவுபோனதும் அறிவும் களவு போகுமாயின் அஃது என்ன அறிவு என்னும் பொருள்பட அவன் நகைத்துவிட்டு ஏடுகளைத் திருப்பித் தந்தான். அந்நகைப்பில் ஓர் உண்மை இருப்பதைக் கஸ்ஸாலி உணர்ந்தார். மூன்றாண்டுகள் முயன்று அவ்வேடுகளிலிருந்த அனைத்தையும் நெஞ்சில் பதித்துக்கொண்டார்.

பின்னர் நிஷாப்பூர் நகரில் இமாமுல் ஹரமைன் என்று போற்றப்பட்ட ஜுவைனியிடம் மாணவரானார். சமயச் சட்டம், இறையியல், அளவையியல் முதலிய துறைகளில் அங்குத் தேர்ச்சி பெற்றார். 1085ஆம் ஆண்டில் ஆசிரியர் மறைந்தபோது, கஸ்ஸாலியின் பெயர் குராசான் எங்கும் பரவியிருந்தது.

பாக்தாத்தின் புகழ்மாலை

அக்காலத்தில் செல்ஜுக் பேரரசின் தலைமை அமைச்சராக விளங்கியவர் நிஜாமுல் முல்க். அவர் அறிஞர்களை ஆதரித்தவர். பல நகரங்களில் நிஜாமிய்யா எனப் பெயரிய கல்விக்கூடங்களை நிறுவியவர். அவருடைய அவையில் நிகழ்ந்த சொற்போர்களில் கஸ்ஸாலி ஈடும் எடுப்புமற்றவராக விளங்கினார். அவருடைய புலமையையும் சொல்வன்மையையும் கண்ட அமைச்சர், 1091ஆம் ஆண்டில் பாக்தாத் நிஜாமிய்யாவின் பேராசிரியராக அவரை அமர்த்தினார். அப்போது கஸ்ஸாலியின் அகவை ஏறத்தாழ முப்பத்துமூன்று.

பாக்தாத் அன்று கலீஃபாக்களின் தலைநகரம், அறிவுலகின் நடுவிடம். அந்நகரில் முந்நூறு மாணவர் அவரிடம் பாடங்கேட்டனர். அரசவையும் அறிஞர் அவையும் அவர் சொல்லை எதிர்பார்த்திருந்தன. கற்பித்தலுக்கு இடையே தத்துவ நூல்களைத் தாமே பயின்று, தத்துவவாதிகளின் கொள்கைகளை மறுத்துத் தஹாஃபுத்துல் ஃபலாசிஃபா என்னும் நூலையும் இயற்றினார். இஸ்லாத்தின் சான்று என்னும் பொருளுடைய ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்னும் பட்டம் அவர் பெயரோடு நிலைத்தது.

இதற்கிடையில் ஒரு பேரிடி விழுந்தது. 1092ஆம் ஆண்டு ரமலான் திங்களில், பாக்தாத்தை நோக்கி வந்துகொண்டிருந்த நிஜாமுல் முல்க் வழியிலேயே கொலையுண்டார். அடுத்த சில வாரங்களில் சுல்தான் மாலிக் ஷாவும் மறைந்தார். பேரரசு வாரிசுரிமைப் போரில் சிக்கியது. அசைக்கமுடியாதன என்று உலகம் எண்ணிய பதவியும் அதிகாரமும் ஒரு நோன்புத் திங்களில் சரிந்ததைக் கஸ்ஸாலி அருகிருந்து கண்டார்.

நா கட்டுண்ட நாள்கள்

புறத்தே புகழ் வளர வளர, அகத்தே ஓர் அமைதியின்மை வளர்ந்தது. சூஃபி ஞானியரின் நூல்களைப் பயின்ற கஸ்ஸாலி, அவர்கள் கூறும் உண்மை படித்து அறியத்தக்கதன்று, பட்டு உணரத்தக்கது என்பதைக் கண்டுகொண்டார். உடல்நலத்தின் இலக்கணத்தை அறிந்திருத்தல் வேறு. நலமுடன் இருத்தல் வேறு. துறவின் இலக்கணம் தமக்குத் தெரியும். துறவு தம்மிடம் இல்லை என்பதை அவர் உணர்ந்தார்.

பின்னர்த் தம் செயல்களை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினார். தம் செயல்களுள் சிறந்ததாகத் தோன்றியது கற்பித்தலே. அதனையும் எந்நோக்கத்துடன் செய்கிறோம் என்று நெஞ்சைத் தொட்டு வினவியபோது, அதற்குக் கிடைத்த விடை அவரை நடுங்கச் செய்தது. இறைவனின் உவப்பன்று, பெயரும் புகழுமே தம்மை இயக்குகின்றன என்று அவர் கண்டார். பாதாளத்தின் சரியும் விளிம்பில் தாம் நிற்பதாக உணர்ந்தார்.

1095ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 488 ரஜப் திங்கள் தொடங்கி ஏறத்தாழ ஆறு திங்கள் அவர் உள்ளம் ஊசலாடியது. காலையில் பாக்தாத்தை விட்டு நீங்கத் துணிவார். மாலையில் அத்துணிவு தளரும். ஒரு காலை முன்வைப்பார், மறுகாலைப் பின்வைப்பார். அத்திங்கள்களின் நடுவே ரமலானும் வந்து சென்றது. நகரெங்கும் நோன்பு நோற்கப்பட்ட அந்நாள்களில், நகரின் தலைசிறந்த ஆசிரியர் தமக்குள் வேறொரு போரை நிகழ்த்திக்கொண்டிருந்தார்.

இறுதியில் அப்போர் அவர் உடலையும் பற்றியது. ஒருநாள் பாடஞ்சொல்ல முனைந்தபோது நா எழவில்லை. தம்மை நாடி வந்தோரின் மனம் மகிழ ஒரு நாளேனும் பேசிவிட முயன்றும் ஒரு சொல்லும் வெளிவரவில்லை. நாவின் பூட்டு நெஞ்சில் துயரமாய் இறங்கியது. உணவு செல்லவில்லை, ஒரு மிடறு நீரும் தொண்டையில் இறங்கவில்லை. மருத்துவர் ஆராய்ந்து, இது நெஞ்சில் தோன்றி உடலில் பரவிய நோய், நெஞ்சின் கவலை தீர்ந்தாலன்றி மருந்தால் தீராது என்று கைவிட்டனர்.

சொல்லே அவருடைய செல்வம். அச்சொல்லால்தான் அவர் அவைகளை வென்றார். அச்செல்வம் தம்மைவிட்டு நீங்கிய நிலையில், வேறு வழியற்றவராய் இறைவனிடம் அடைக்கலம் புகுந்தார். அதன்பின் பதவியையும் பொருளையும் விட்டுச் செல்லுதல் அவருக்கு எளிதாயிற்று.

துறந்து சென்ற பயணம்

மக்காவுக்குப் புனிதப் பயணம் செல்வதாக ஊராருக்கு அறிவித்த கஸ்ஸாலி, உள்ளத்தில் சிரியா நாட்டை நாடிப் பாக்தாத்தை விட்டு 1095ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டார். தம் செல்வத்தைப் பகிர்ந்தளித்து, தமக்கும் தம் பிள்ளைகளின் பேணலுக்கும் வேண்டிய அளவை மட்டும் நிறுத்திக்கொண்டார். அவர் செயலின் காரணம் பலருக்கு விளங்கவில்லை. அதனினும் உயர்ந்த பதவி ஒன்று இருக்கமுடியாது என்று எண்ணியோர், அதனை ஒருவர் தாமே விட்டுச் செல்வார் என்பதை நம்ப மறுத்தனர். அரசியல் அச்சமே காரணம் என்று சிலர் கருதினர்.

திமஷ்கு நகரின் பெரிய பள்ளிவாசலில் மினாரா ஒன்றின் மேலேறிக் கதவை அடைத்துக்கொண்டு நாள் முழுவதும் தனித்திருப்பார். முந்நூறு மாணவர் நடுவே முழங்கிய குரல் அங்கு மௌனத்தில் ஒடுங்கியது. பின்னர் ஜெருசலேம் சென்றார். அங்கிருந்து இப்ராகீம் நபியின் அடக்கத்தலம் அமைந்த ஹெப்ரோன் நகரை அடைந்து, அவ்விடத்தில் மூன்று உறுதிகளை மேற்கொண்டார். அரசர் பொருளை ஏற்பதில்லை, அரசர் அவைக்குச் செல்வதில்லை, சொற்போரில் ஈடுபடுவதில்லை. இம்மூன்றும் அவருக்கு முன்னர் உயர்வு தந்தவை. எவை தம்மை உயர்த்தினவோ அவற்றையே அவர் தமக்கு விலக்கிக்கொண்டார். அதன்பின் மக்கா, மதீனா நகரங்களுக்குச் சென்று ஹஜ் கடமையை நிறைவேற்றினார்.

இத்தனிமை ஆண்டுகளில் உருவானதே இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூல். சமய அறிவுகளுக்கு உயிரூட்டுதல் என்பது அதன் பொருள். வழிபாடுகள், வாழ்வியல் முறைகள், அழிவு தருவன, ஈடேற்றம் தருவன என நான்கு பெரும்பகுதிகளையும், பகுதிக்குப் பத்தாக நாற்பது நூல்களையும் உடையது அது. அவற்றுள் ஆறாவது நூல் நோன்பின் மறைபொருள்களை விளக்குகிறது.

தெரிந்து தெளிவோம்

இஸ்லாமிய ஆண்டு நிலவின் இயக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. அதற்கு 354 அல்லது 355 நாள்கள். கதிரவனை அடிப்படையாகக் கொண்ட ஆண்டைவிட அது ஏறத்தாழ 11 நாள்கள் குறைவு. ஆதலால் ரமலான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. கோடையின் நெடும்பகலிலும் குளிர்காலத்தின் குறும்பகலிலும் நோன்பு நோற்கும் வாய்ப்பு ஒருவர் வாழ்நாளிலேயே அமைகிறது.

நோன்பின் மூன்று படிநிலைகள்

தொழுகை, ஈகை, ஹஜ் ஆகியவை பிறர் காண நிகழ்வன. நோன்போ பிறர் காணவியலாதது. ஒருவர் தனித்திருக்கையில் ஒரு மிடறு நீர் பருகினாரா இல்லையா என்பதை அவரும் இறைவனுமே அறிவர். தவிர்த்தலே அதன் இயல்பாதலின், அதில் காட்டிக்கொள்வதற்கு ஒன்றும் இல்லை. நோன்பின் தனிச்சிறப்பாகக் கஸ்ஸாலி இதனைக் கருதுகிறார். புகழுக்காகச் செய்யப்படும் நற்செயலின் வெறுமையைத் தம் வாழ்விலேயே கண்டவர், காண்போர் இல்லாத இவ்வழிபாட்டின் அருமையை உணர்ந்து எழுதினார் என்பதில் வியப்பில்லை.

நோன்பாளிகளை அவர் மூவகைப்படுத்துகிறார். உணவு, நீர், உடலின்பம் ஆகியவற்றைத் தவிர்ப்பது பொதுமக்களின் நோன்பு. அவற்றுடன் கண், செவி, நா, கை, கால் முதலிய உறுப்புகள் யாவற்றையும் தீமையிலிருந்து காத்தல் சிறப்புடையோரின் நோன்பு. இவற்றுடன் உள்ளமும் இழிந்த எண்ணங்களையும் உலகியல் கவலைகளையும் துறந்து இறைநினைவில் ஒன்றியிருத்தல் மிகச் சிறப்புடையோரின் நோன்பு. மூன்றாம் நிலையில் உள்ளோர்க்கு, மாலையில் எதனை உண்டு நோன்பு துறப்போம் என்று பகலில் திட்டமிடுதலும் குறையாகும் என்பர்.

சட்ட அறிஞர்கள் வகுத்த நெறிகளைக் கஸ்ஸாலி குறைத்து மதிப்பிடவில்லை. அவரே சட்ட நூல்கள் பல இயற்றியவர். எல்லாரும் எளிதில் கடைப்பிடிக்கத்தக்க எல்லைகளைச் சட்டம் வகுக்கிறது. அவ்வெல்லைக்குள் நோன்பு செல்லும். ஆயினும் நோன்பு செல்லுதல் வேறு, இறைவனால் ஏற்கப்படுதல் வேறு என்பதே அவர் உணர்த்த விரும்பிய கருத்து.

ஆறு ஒழுக்கங்கள்

சிறப்புடையோரின் நோன்பு ஆறு ஒழுக்கங்களால் நிறைவுறும் என்று அவர் வகுத்துரைக்கிறார்.

முதலாவது, கண்ணைக் காத்தல். இழிந்தனவும் இறைநினைவிலிருந்து நெஞ்சைத் திருப்புவனவும் ஆகிய காட்சிகளினின்று பார்வையை விலக்குதல்.

இரண்டாவது, நாவைக் காத்தல். பொய், புறங்கூறல், கோள், ஆபாசப் பேச்சு, கடுஞ்சொல், சச்சரவு, வீண்வாதம் ஆகிய அனைத்தையும் தவிர்த்து மௌனத்தையும் இறைநினைவையும் மேற்கொள்ளுதல். சொற்போரால் புகழ்பெற்றவர் வீண்வாதத்தை நோன்பைக் குலைக்கும் குற்றங்களுள் ஒன்றாக எண்ணியமை கருதத்தக்கது. நா கட்டுண்டு அவர் பட்ட துயரையும், ஹெப்ரோனில் அவர் மேற்கொண்ட உறுதியையும் அறிந்தோர்க்கு இவ்வொழுக்கத்தின் ஆழம் விளங்கும்.

மூன்றாவது, செவியைக் காத்தல். எவற்றைப் பேசுதல் தகாதோ அவற்றைக் கேட்டலும் தகாது. புறங்கூறுவோனுக்குச் செவி கொடுப்பவனும் அக்குற்றத்தில் பங்காளியாவான்.

நான்காவது, கை, கால் முதலிய ஏனைய உறுப்புகளைத் தீமையிலிருந்தும், நோன்பு துறக்கும் வேளையில் வயிற்றை முறையற்ற உணவிலிருந்தும் காத்தல். பகலெல்லாம் நேரிய உணவைத் தவிர்த்துவிட்டு, மாலையில் முறையற்ற வழியில் வந்த உணவை உண்பவன், ஒரு மாளிகையைக் கட்டுவதற்காக ஒரு நகரத்தையே இடித்தவனை ஒப்பான் என்று அவர் உவமை காட்டுகிறார். நேரிய உணவு மருந்து போன்றது. அளவு மிகுந்தால் மட்டுமே கெடுதி. தீவினையோ நஞ்சு. மருந்தைக் குறைத்து நஞ்சை உண்பது அறிவாகாது.

ஐந்தாவது, நோன்பு துறக்கையில் நேரிய உணவையும் அளவோடு உண்ணுதல். இவ்விடத்தில் கஸ்ஸாலியின் நோக்கு மிகக் கூர்மையானது. ரமலானுக்கென்று உணவுப்பண்டங்களைச் சேமித்து, வேறு திங்கள்களில் உண்ணாத வகைவகையான உணவுகளை அத்திங்களில் உண்ணும் வழக்கம் அவர் காலத்திலேயே வேரூன்றியிருந்தது. பகல் முழுதும் பசியால் வேட்கையைக் கூர்மையாக்கி, இரவில் அவ்வேட்கைக்குச் சுவையான உணவுகளைப் படைத்தால், அடங்கவேண்டிய அவா இருமடங்காக வளரும். விலக்கிய பகலுணவை இரவுணவோடு சேர்த்து உண்பவருக்கு உணவின் நேரம் மாறியதேயன்றி உள்ளம் மாறவில்லை. ஆகவே நோன்பில்லாத நாளின் இரவில் உண்ணும் அளவே உண்ணவேண்டும் என்றும், பசியையும் நீர்வேட்கையையும் உணரும்பொருட்டுப் பகலில் மிகுதியாக உறங்காதிருத்தல் நன்று என்றும் அவர் கூறுகிறார்.

ஆறாவது, நோன்பு துறந்தபின் உள்ளம் அச்சத்திற்கும் நம்பிக்கைக்கும் இடையே நிற்றல். தம் நோன்பு ஏற்கப்பட்டதா இல்லையா என்பதை எவரும் அறியார். இவ்வுணர்வு, நோற்றோம் என்னும் செருக்கை நீக்குகிறது.

இவ்வாறும் ஓர் ஒழுங்கில் அமைந்திருத்தலைக் காணலாம். புறத்தே உள்ள கண்ணில் தொடங்கும் காவல், நாவையும் செவியையும் வயிற்றையும் கடந்து உள்ளத்தில் சென்று நிறைவுறுகிறது. தனக்கு உரிமையான நீரையே ஒரு கட்டளைக்குப் பணிந்து தவிர்க்கக் கற்றவர், உரிமையற்ற பிறர்பொருளையும் பிறர்மனத்தைப் புண்படுத்தும் சொல்லையும் தவிர்க்கும் வலிமை பெறுவர். நோன்பால் இறையச்சம் உண்டாகும் என்னும் மறைமொழியின் பொருள் இவ்வாறு விளக்கம் பெறுகிறது.

பசியும் பரிவும்

இஹ்யாவின் மூன்றாம் பகுதியில், பசியின் பயன்கள் பத்தினைக் கஸ்ஸாலி விரித்துரைக்கிறார். உள்ளத் தெளிவு, பணிவு, உடல்நலம் முதலியவற்றோடு, துன்புறுவோரை மறவாமையும் வறியோர்க்கு ஈதலும் அவற்றுள் அடங்கும். உண்டு நிறைந்தவன் பசித்தவனை மறப்பான். யூசுப் நபி எகிப்து நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் வைத்திருந்தும் வயிறார உண்ணாதிருந்தார் என்றும், உண்டு நிறைந்தால் பசித்தோரை மறந்துவிட நேரும் என்று அஞ்சியதே அதற்குக் காரணம் என்றும் வழங்கும் செய்தியை அவர் எடுத்துக்காட்டுகிறார். உணவை வேண்டி மதரசாவில் புகுந்த சிறுவனின் நினைவு அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை போலும்.

ஆயினும் உடலை வருத்துதலே உயர்வு என்று அவர் கூறவில்லை. உண்டதன் பாரமும் தோன்றாமல், பசியின் வலியும் தோன்றாமல் நடுநிலையில் நிற்பதே இலக்கு. வளைந்த கோலை நிமிர்த்த எதிர்த்திசையில் வளைப்பது போன்றதே பசிப்பயிற்சி. கோல் நிமிர்ந்தபின் அவ்வளைப்புக்குத் தேவையில்லை.

மீண்டும் தூஸ்

ஏறத்தாழப் பதினோராண்டுகள் பொதுக்கல்வியிலிருந்து விலகியிருந்த கஸ்ஸாலி, நிஜாமுல் முல்க்கின் மைந்தரும் அமைச்சருமான ஃபக்ருல் முல்க்கின் வற்புறுத்தலால் 1106ஆம் ஆண்டில் நிஷாப்பூரில் மீண்டும் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அரசர் அவையை நாடுவதில்லை என்று உறுதிபூண்டவர் அரசு நிறுவிய கல்விக்கூடத்திற்குத் திரும்பியது ஏன் என்னும் கேள்வி எழுந்தது. அவரும் அதனை உணர்ந்திருந்தார். முன்பு பதவியைத் தேடித்தரும் கல்வியைக் கற்பித்ததாகவும், இப்போது பதவியைத் துறக்கச் செய்யும் கல்வியையே கற்பிப்பதாகவும் தம் வாழ்வுநிலையை விவரிக்கும் அல்முன்கித் மினல் ளலால் என்னும் நூலில் விளக்கமளித்தார். அவர் செய்தொழில் மாறவில்லை. தொழிலின் நோக்கம் மாறியிருந்தது. நோன்பு துறந்தபின் உண்ணப்படும் உணவு, முன்னர் உண்ட அதே உணவாயினும் உண்பவரின் நிலை வேறாயிருத்தலைப் போன்றது இது.

சில ஆண்டுகளில் அப்பொறுப்பையும் விட்டுத் தூஸ் திரும்பினார். தம் இல்லத்தின் அருகே மாணவர்க்கு ஒரு கல்விக்கூடமும் சூஃபிகளுக்கு ஓர் உறைவிடமும் அமைத்தார். மறை ஓதுதல், கற்பித்தல், உள்ளத்தூய்மை உடையோருடன் கூடியிருத்தல் என அவர் நாள்கள் கழிந்தன. பொதுமக்களும் பயன்பெறும்பொருட்டு இஹ்யாவின் சாரத்தைப் பாரசீக மொழியில் கீமியாயே சஆதத் என்னும் நூலாகவும் அவர் வழங்கியிருந்தார்.

அவர் கருத்துகளை எல்லாரும் ஏற்றாரல்லர். 1109ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரில் இஹ்யா எரியூட்டப்பட்டது. உலகியல் ஆதாயத்திற்காகச் சமயக் கல்வியைக் கையாளும் அறிஞர்களை அந்நூல் கடிந்துரைத்ததும் அவ்வெதிர்ப்புக்கு ஒரு காரணம். எரித்தவர்களின் ஆட்சி மறைந்தது. இஹ்யா இன்றும் பல மொழிகளில் பயிலப்படுகிறது. தமிழிலும் அதன் பகுதிகள் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன.

1111ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள் கஸ்ஸாலி இவ்வுலகை நீத்தார். அன்று வைகறையில் ஒளுச் செய்து தொழுதபின், தம் கஃபன் துணியைக் கொணரச் செய்து, அதனை முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, தொழும் திசையை நோக்கிக் காலை நீட்டிப் படுத்தவர், பொழுது புலரும்முன் அடங்கினார் என்று அவர் இளவல் அகமது உரைத்த செய்தி வழங்குகிறது. கடைசித் துறவையும் அவர் அமைதியாகவே ஏற்றார்.

காலங்கடந்த வினா

கஸ்ஸாலி மறைந்து தொள்ளாயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆண்டுதோறும் ரமலான் பிறை தோன்றுகிறது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் நோன்பு நோற்கின்றனர். அவர் எழுப்பிய வினாவும் அப்பிறையுடன் மீண்டும் தோன்றுகிறது. வயிறு நோற்கும் நாளில் நாவும் நோற்கிறதா? நா நோற்கும் நாளில் நெஞ்சும் நோற்கிறதா? இவ்வினா ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. கற்கும் கல்வியை எதற்காகக் கற்கிறோம் என்று தன்னைத்தானே வினவும் ஒவ்வொரு மாணவருக்கும் அது பொருந்தும். முந்நூறு மாணவர் முன்னே நா எழாது நின்ற ஆசிரியர் ஒருவர், அவ்வினாவிற்கு நேர்மையாக விடை கூறும்பொருட்டுத் தம்மிடம் இருந்த யாவற்றையும் விட்டுச் சென்றார். அந்நேர்மையே அவர் நோற்ற பெருநோன்பு.

கற்பவை கற்றபின்

1. பல்வேறு சமயத்தார் மேற்கொள்ளும் நோன்புகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டி வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. புறங்கூறாமை, வீண்வாதம் தவிர்த்தல் ஆகியவற்றை ஒருநாள் முழுதும் கடைப்பிடித்து, அப்பட்டறிவை ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா

1. நோன்பு, சவ்ம் ஆகிய சொற்கள் உணர்த்தும் பொருளை எழுதுக.

2. ஹெப்ரோன் நகரில் கஸ்ஸாலி மேற்கொண்ட மூன்று உறுதிகள் யாவை?

சிறுவினா

1. நோன்பின் மூன்று படிநிலைகளை விளக்குக.

2. மாளிகையும் நகரமும் என்னும் உவமை உணர்த்தும் கருத்து யாது?

நெடுவினா

1. கஸ்ஸாலியின் வாழ்வில் நிகழ்ந்த மாற்றங்களையும் நோன்பைப் பற்றிய அவர்தம் சிந்தனையையும் தொடர்புபடுத்திக் கட்டுரை வரைக.